கியர் வண்டியும் ஏற்காட்டு மலையும்

அஸ்தம்பட்டி,
சேலம்.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் பிடிக்காமல் வாசல் வரை நடக்கிறார்கள் என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. வலிக்கிறது என்று சொல்லி பிசியோதெரபியை மட்டும் நிறுத்திவிடப் போகிறார்கள், பார்த்துக்கொள். என் மாமியார் அப்படி நிறுத்தித்தான் கால் மடங்காமலே போய்விட்டது.

மகளை டிரைவிங் ஸ்கூலில் சேர்க்கப் போகிறாய், கியர் வண்டியிலேயே பழகட்டுமா, இல்லை ஆட்டோமேட்டிக்கே போதுமா என்று கேட்டிருந்தாய். நல்ல நேரத்தில் கேட்டாய்டி. எனக்கு இப்போது பேச்சு மூச்சு எல்லாம் அதுதான்.

ஏற்காடு கிளைக்கு எனக்கு மாற்றல் வந்தது உனக்குத் தெரியும். பழைய ஆட்டோமேட்டிக் வண்டியைப் பெரியவன் சென்னைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான். புதிதாக வாங்கும்போது கியர் வண்டிதான் வேண்டும் என்று நானேதான் சொன்னேன். வீட்டில் எல்லோருக்கும் ஆச்சரியம். இந்த வயதில் எதற்குக் கிளட்சோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று அவர் கேட்டார். அதே மாடலில் ஆட்டோமேட்டிக் என்றால் விலை கூடுதல் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் மலை. சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர்கூட இல்லை, ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். முப்பது கிலோமீட்டர் பயணத்தில், அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகளுக்குள் அவ்வளவு உயரமும் வந்துவிடுகிறது. வாரம் முழுக்க அதில் ஏறி இறங்க வேண்டிய ஆளுக்கு எந்த இடத்தில் எந்த கியர் என்பது தன் கையில் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

என்னைப் பழக்கியவர் பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர். சங்ககிரிக்காரர், காலமெல்லாம் லாரி ஓட்டி ஓய்ந்தவர். விடியற்காலையில் ஆளில்லாத மைதானத்துக்குக் கூட்டிப்போனார். ஆக்சிலரேட்டரைத் தொடவே விடவில்லை. "மொதல்ல இந்த வண்டிக்கு கிளட்ச் எங்க புடிக்குதுன்னு கண்டுபுடிங்க அம்மிணி, மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். முதல் கியரைப் போட்டு, இடது காலை நூல் நூலாக மேலே விட வேண்டும். ஒரு இடம் வரைக்கும் ஒன்றுமே நடக்காது. பிறகு இன்ஜின் சத்தம் லேசாகக் கம்மும், ஸ்டியரிங்கில் ஒரு அதிர்வு வரும், பானெட் சற்றே மூச்சு வாங்குவது மாதிரி எழும். அந்த இடத்தில் காலை அப்படியே நிறுத்தினால், ஆக்சிலரேட்டரே இல்லாமல் வண்டி தானாக நகரும். சமதரையில் இன்றைய பெட்ரோல் வண்டிகள் பெரும்பாலும் இப்படி நகரும். இன்ஜின் அணைந்துவிடாமல் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரே கொஞ்சம் எரிபொருளைக் கூட்டிக் கொடுக்கிறது. அந்த இடத்தைக் கால் தெரிந்துகொள்ளும் வரை அவர் என்னை ரோட்டுக்கு விடவில்லை. வண்டிக்கு வண்டி அந்த இடம் மாறும். ஒன்றில் தரையை ஒட்டிப் பிடிக்கும், இன்னொன்றில் முக்கால்வாசி மேலே வந்த பிறகுதான் பிடிக்கும். புது வண்டி கைக்கு வந்ததும் எல்லோரும் டச் ஸ்கிரீனைத்தான் நோண்டுகிறார்கள். ஒரு காலை நேரத்தை இதற்குக் கொடுத்தால் போதும், மீதிப் பாதி தானாக வந்துவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று அவர் சொன்ன பிறகு எனக்குப் பயமே போய்விட்டது. இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரம் ஒன்று. அதன்மேல் ஒரு கிளட்ச் பிளேட். அதை அழுத்திப் பிடிக்க ஸ்பிரிங் வைத்த பிரஷர் பிளேட். பெடலை மிதித்தால் பிடி விடும், இன்ஜின் தனியாகவும் கியர்பாக்ஸ் தனியாகவும் ஆகிவிடும். காலை எடுத்தால் மறுபடி கவ்வும். பாதி மிதித்த நிலையில் இரண்டும் உரசிக்கொண்டே சுற்றும், அந்த உரசலில் சூடேறும். ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியை நிறுத்தி வைப்பார்களே, அப்போது வரும் கருகல் வாடை பிளேட் தேயும் வாடைதான். கியர் மாற்றியதும் இடது காலைப் பெடலிலிருந்து எடுத்துப் பக்கத்தில் ஊன்றி வைக்க வேண்டும் என்று சொல்வதற்கும் காரணம் இதுதான்.

ஊருக்குள் ஓட்டுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் பஸ்களுக்கு நடுவில் ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று. ஐந்து ரோட்டில் பாலத்துக்கு அடியில் சிக்கினால் இடது கால் கெண்டைச்சதை வலிக்கும். கொஞ்ச காலத்தில் கால் பழகிவிட்டது.

மலை வேறு. நாம் காலேஜில் படித்தபோது ஏற்காடு பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டுக்கு அடித்துப் பிடித்து ஏறுவோமே, ஞாபகம் இருக்கிறதா? அவர் ஒவ்வொரு கியருக்கும் கிளட்ச்சை இரண்டு தடவை மிதிப்பார், நடுவில் ஆக்சிலரேட்டரை ஒரு உறுமு உறுமுவார். ஏதோ ஸ்டைலுக்குச் செய்கிறார் என்று நாம் பேசிக்கொண்டோம். அது ஸ்டைல் இல்லையாம். சேரப்போகும் இரண்டு பற்சக்கரங்களின் வேகத்தை அவர் காலாலேயே ஒன்றாக்கிக்கொண்டிருந்திருக்கிறார். இல்லாவிட்டால் கரகரவென்று பல் அரைபடும். இப்போது அந்த வேலையை கியர்பாக்சுக்குள் சிங்க்ரோமெஷ் செய்துவிடுகிறது. கார்களில் கேடிலாக் கம்பெனி 1928லேயே அதைக் கொண்டுவந்துவிட்டது. நம் மலை பஸ்ஸுக்கு அது வந்து சேர எத்தனையோ காலம் ஆகியிருக்கிறது. அத்தனை கூட்டத்தை ஏற்றிக்கொண்டு வளைவுக்கு வளைவு அந்த மனிதர் செய்த வேலையை இப்போது நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

ஏறும்போது நான் கற்றுக்கொண்டது, வளைவுக்குள் போய் கியர் மாற்றக் கூடாது. வளைவு கண்ணில் பட்டதுமே மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்துவிட வேண்டும். வலது பக்கம் திரும்பும் கொண்டை ஊசியில் நமக்கு வெளிவட்டம், தாராளமாக இருக்கும், இரண்டாவது கியரே இழுத்துவிடும். இடது பக்கம் திரும்பும்போது உள்வட்டம். அங்கேதான் ரோடு செங்குத்தாக எழும், இடமும் குறுகல். முன்னால் ஒரு பஸ் ஊர்ந்துகொண்டிருந்தால் முதல் கியர்தான். "மீட்டரப் பாக்காதீங்க, காதக் குடுங்க" என்பார் அண்ணன். இன்ஜின் திணறும் சத்தம் கேட்டால் ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிரயோஜனம் இல்லை, கியரைக் குறைக்க வேண்டும். குறைத்த நிமிஷம் வண்டி நிம்மதியாகப் பாடத் தொடங்கும். பழைய வண்டியில் பாட்டு போட்டுக்கொண்டு ஓட்டியவள் நான். இதில் மலைப்பாதை முழுக்க ஜன்னலை இறக்கிவிட்டு இன்ஜினைத்தான் கேட்கிறேன். எனக்கு அது பிடித்திருக்கிறதுடி.

ஏற்றத்தில் நின்று கிளம்புவதுதான் எல்லோருக்கும் கிலி. ஹேண்ட் பிரேக்கை இழு, முதல் கியர் போடு, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடு, கிளட்ச்சைப் பிடிக்கிற இடம் வரை விடு. வண்டியின் பின்பக்கம் லேசாக அமுங்கும், சத்தம் தடிக்கும். அந்த அமுங்கலை உணர்ந்த பிறகு ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாது. மைதானத்தில் காலைப் பழக்கியதன் பலன் இங்கேதான் தெரியும். குறுகலான மலை ரோட்டில் இறங்கி வருகிற வண்டிதான் ஒதுங்கி நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. நம் பஸ் டிரைவர்கள் அதைச் சொல்லாமலே செய்கிறார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் தெரிவதில்லை.

எல்லாவற்றையும்விட இறக்கம்தான் முக்கியம். உன் மகளுக்கு இதை நீயே உட்கார வைத்துச் சொல். "ஏறுன கியர்லயே எறங்கணும்" என்று லாரிக்காரர்கள் சொல்வார்கள். இரண்டாவது கியரில் ஏறிய இடத்தில் இரண்டாவது கியரிலேயே இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், வளைவில் மட்டும் லேசாகப் பிரேக்கைத் தொட்டால் போதும். பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினால் டிஸ்க் கொதிக்கும், பிரேக் ஆயில் சூடேறி ஆவியாகிக் குமிழ் கட்டும். அப்புறம் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. சனி ஞாயிறு சாயங்காலம் அடிவாரத்தில் நின்று பார்த்தால் தெரியும், ஓரங்கட்டி நிற்கிற கார்களின் முன்சக்கரத்தைச் சுற்றிப் புகை, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி நிற்கிற அம்மாக்கள். எனக்கு வயிற்றைப் பிசையும். ஆட்டோமேட்டிக்கிலும் கியரைக் குறைத்து வைத்துக்கொள்ள 'எல்' (லோ) என்றோ மேனுவல் மோட் என்றோ வழி இருக்கிறது. ஆனால் இருக்கிறது என்றே பலருக்குத் தெரியாது. வழக்கமாக ஓட்டுகிற 'டி'யில் (டிரைவ்) போட்டால் போட்டதுதான்.

இதைவிட மோசம் நியூட்ரலில் இறங்குவது. டீசல் மிச்சம் பிடிக்கலாம் என்று தொப்பூர் கணவாயில் அப்படி லாரிகளை உருட்டிக்கொண்டு வந்து எத்தனை உயிர் போயிருக்கிறது என்று உனக்கே தெரியும். மிச்சமும் ஒன்றும் இல்லை. கியரில் போட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால் இப்போதைய வண்டிகள் எரிபொருளை முழுக்கவே நிறுத்திவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் செலவாகும். தொப்பூரில் இரண்டு லாரி விபத்துகளைக் கண்ணால் பார்த்தவர் அண்ணன். அதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும்.

ஆக, உன் கேள்விக்கு என் பதில்: கியர் வண்டியிலேயே பழகட்டும். லைசென்ஸ் இரண்டுக்கும் ஒன்றுதான், எல்.எம்.வி. என்கிற இலகுரக வாகன லைசென்ஸ். ஆட்டோமேட்டிக்கில் மட்டும் பழகினவள் கையிலும் அதே கார்டுதான் இருக்கும். ஆனால் ராத்திரி வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போய், கைக்குக் கிடைத்தது பக்கத்து வீட்டு கியர் வண்டி என்றால், அந்த கார்டு வண்டியைக் கிளப்பித் தராது. நாளைக்கு அவள் பெங்களூரில் வேலைக்குப் போய், அந்த டிராஃபிக்கில் ஆட்டோமேட்டிக் வாங்கிக்கொள்ளட்டும், நான் குறை சொல்ல மாட்டேன். உன் அம்மா மாதிரி முழங்கால் தொந்தரவு உள்ளவர்களுக்கும் அதுதான் நல்லது.

ஒன்று மட்டும் கவனி. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பக்கத்து சீட்டிலும் பெடல் இருக்கும். அவசரத்தில் பாதி கிளட்ச்சை மாஸ்டரே மிதித்துவிடுவார், பழகுகிற பெண்ணுக்கு அது தெரியவே தெரியாது. நன்றாக ஓட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். அதனால் கிளாஸ் முடிந்ததும் உங்கள் சொந்த வண்டியில் யாராவது பொறுமையான ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பழக்க வேண்டும். கத்துகிற ஆள் வேண்டாம். உன் வீட்டுக்காரர் வேண்டாம் என்று நான் சொன்னதாகவே சொல்லு, கோபித்துக்கொண்டால் என்னிடம் பேசட்டும்.

மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்துவிட்டால் எஸ்டேட்டெல்லாம் காப்பி பூத்து வெள்ளையாக நிற்கும், வாசனை ரோடு வரை வரும். மே மாதம் கோடை விழா என்று மலை முழுக்க வண்டியாகிவிடும், அதற்கு முன்னால் வந்துவிடு. அம்மா நாலு படி ஏறி இறங்கத் தொடங்கியதும் கூட்டிக்கொண்டே வா, முன் சீட்டு அவர்களுக்கு. எந்த ரயில் என்று மட்டும் எழுது, ஜங்ஷனுக்கு நானே வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு மலை ஏறலாம். மகளும் வந்தால் அவளை அண்ணனிடம் ஒரு காலை நேரம் விட்டுவிடு, மைதானம் இங்கேயே இருக்கிறது.

அம்மாவுக்கு என் வணக்கம். பதில் போடு.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்