மரத்துப்போகும் ஊசி போட்ட பின் வாங்கிய கையெழுத்து: வேர் சிகிச்சை குறித்த புகார்

அனுப்புநர்:
பத்திர எழுத்தர் (ஓய்வு),
புதுப்பாளையம், கடலூர்.

பெறுநர்:
நிர்வாக அலுவலர் அவர்கள்,
நோயாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
பல் மருத்துவமனைக் குழுமம், புதுச்சேரி.

பொருள்: கீழ் இடது கடைவாய்ப்பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தது – மாற்று வழிகளைத் தெரிவிக்காமல் ஒப்புதல் பெற்றது – சிகிச்சைப் பதிவுகளும் ஈடும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடந்த மார்ச் 4ஆம் நாள் காலை, இரவெல்லாம் தூங்கவிடாத பல்வலியோடு கடலூரிலிருந்து பேருந்தேறித் தங்கள் புதுச்சேரிக் கிளைக்கு வந்தேன். கீழ்வரிசையில் இடப்பக்கம் உள்ள முதல் கடைவாய்ப்பல்லில் பல ஆண்டுகளுக்கு முன் அடைத்திருந்த வெள்ளி அடைப்பு, பொங்கல் கழிந்த வாரத்தில் சீடை கடித்தபோது பெயர்ந்து விழுந்திருந்தது. அதை அன்றே கவனிக்காமல் விட்டது என் பிழை, அதை மறைக்கவில்லை.

எக்ஸ்ரே எடுத்த மருத்துவர் இரண்டே வாக்கியம் பேசினார்: "நரம்பு வரைக்கும் சொத்தை போயிடுச்சு. ஆர்.சி.டி. பண்ணிக் கேப் போட்டுடலாம்." ஆர்.சி.டி. என்றது வேர் சிகிச்சையை, அதாவது வேருக்குள் கெட்ட நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைப்பதை; கேப் என்றது அதன்பின் பல்லின்மேல் ஒட்டும் உறையை. அவர் நகர்ந்ததும், மருத்துவர் அல்லாத ஆலோசகர் ஒருவர் நெகிழி உறை போட்ட அட்டை ஒன்றைக் காட்டினார். வேர் சிகிச்சைக்கு 5,000 ரூபாய் என்றும், கேப்பில் உலோகம் 3,500, உலோகத்தின்மேல் பீங்கான் 5,500, சிர்கோனியா 9,000 என்றும் அதில் அச்சிட்டிருந்தது. "எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணலாம் சார்" என்றார். எனக்கு அங்கே தரப்பட்ட தேர்வு கேப்பின் வகையில் மட்டுமே. பல்லை என்ன செய்வது என்பதை எனக்காக வேறு யாரோ முன்பே முடிவு செய்துவிட்டிருந்தார்கள்.

இனி இக்கடிதத்தின் மையமான செய்திக்கு வருகிறேன். நாற்காலியில் சாய்த்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, எச்சில் உறிஞ்சும் குழாய்க்குப் பக்கத்துத் தட்டில் வைத்து, மரத்துப்போகும் ஊசியும் போட்ட பிறகே உதவியாளர் ஒருவர் கையடக்கக் கணினியை என் மார்புக்கு மேல் நீட்டி, "இங்க ஒரு சைன் போடுங்க" என்றார். ஆங்கிலத்தில் பொடி எழுத்தாக ஓடிய அந்தப் பக்கத்தைக் கண்ணாடி இல்லாமல் என்னால் படிக்க இயலவில்லை; உதடு மரத்துத் தடித்திருந்ததால் ஒரு கேள்வியும் ஒழுங்காகக் கேட்க இயலவில்லை. விரலால் கிறுக்கிக் கொடுத்தேன். முப்பத்தெட்டு ஆண்டுகள் மஞ்சக்குப்பத்தில் அமர்ந்து கிரயப் பத்திரமும் அடமானப் பத்திரமும் எழுதியவன் நான். எழுதிக்கொடுப்பவருக்கு வரி வரியாக வாசித்துக் காட்டாமல், அவர் தலையசைத்த பிறகல்லாமல், ஒருவரிடமும் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வாங்கியதில்லை. அரை சென்ட் நிலத்துக்குக் காட்டும் அந்த மரியாதையைத் தாங்கள் என் பல்லுக்குக் காட்டவில்லை என்பதே என் புகார்.

சிகிச்சை ஒரே அமர்வில் முடிந்தது. மார்ச் 8ஆம் நாள் சிர்கோனியா கேப்பும் ஒட்டப்பட்டது. மொத்தம் 14,000 ரூபாய் செலுத்தினேன். ஏப்ரல் 2ஆம் நாள் அந்தப் பல்லில் தோசையைக்கூட மெல்ல முடியாத வலியும் ஈறில் கொப்புளம் போன்ற வீக்கமும் வந்தன. மறுநாள் தங்கள் கிளையில் வேறொரு மருத்துவர் கோணத்தைச் சற்று மாற்றி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, வேர்களுக்குள் நரம்பு ஓடும் கால்வாய்களில் மூன்றே அடைக்கப்பட்டுள்ளன, நான்காவது ஒன்று விடுபட்டிருக்கிறது என்றார். அவர் ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி உடையவன். ஆனால் அடுத்த ஐந்தாம் நிமிடம் அதே அட்டை வந்தது: மறு வேர் சிகிச்சைக்கு 8,000, கேப்பை அறுத்தெடுக்க வேண்டியிருப்பதால் புதிய கேப்புக்கு 9,000.

அதன் பிறகே கடலூரில் வேர் சிகிச்சையில் பட்டமேற்படிப்பு முடித்த ஒரு நிபுணரிடம் சென்றேன். 300 ரூபாய் ஆலோசனைக் கட்டணத்துக்கு அவர் மருந்துச் சீட்டின் பின்புறம் இரண்டு கால் முளைத்த முள்ளங்கிபோல் ஒரு பல்லை வரைந்து, கால் மணி நேரம் விளக்கினார். கீழ்க் கடைவாய்ப்பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு வேர்களும் மூன்று கால்வாய்களும் இருக்கும்; பலருக்கு நான்காவதும் இருக்கும். எக்ஸ்ரே தட்டையான படம் என்பதால் ஒன்றன் பின் ஒன்றாக உள்ள இரு கால்வாய்கள் ஒன்றுபோலத் தெரியலாம். சுத்தம் செய்யாமல் விட்ட கால்வாயில் கிருமி தங்கினால் வேர்நுனியில் சீழ் கட்டும். இத்தனையும் அந்தச் சீட்டில் அம்புக்குறிகளோடு உள்ளன; நகல் இணைத்துள்ளேன்.

நான்காவது கால்வாய் தவறியதையே அலட்சியம் என்று நான் கூறவில்லை. திறமையானவர் கையிலும் வேர் சிகிச்சை சில வேளை தோற்கும் என்றும், ஒரே அமர்வில் முடிப்பது தன்னளவில் தவறாகாது என்றும் அந்த நிபுணரே சொன்னார். ஆனால் தோற்கக்கூடும் என்பதை முன்னதாக என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். வலியை மட்டும் அன்றைக்குத் தணித்து, கால்வாயில் மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்து, முடிவெடுக்க ஒரு வாரம் எடுத்துக்கொள்ளலாம் என்பதைச் சொல்லியிருக்கலாம். பல்லைப் பிடுங்குவதும் ஒரு வழியே. பிடுங்கினால் இடைவெளியை அப்படியே விட்டு, பக்கத்துப் பல் சாய்வதையும் எதிர்ப்பல் நீள்வதையும் ஏற்கலாம். இரு பக்கத்துப் பற்களையும் தேய்த்து, அவை தாங்கும்படி பிரிட்ஜ் எனும் பாலம்போன்ற செயற்கைப் பல் வைக்கலாம். இம்ப்ளான்ட் எனும் செயற்கை வேரை எலும்பில் திருகிப் பொருத்திச் சில மாதங்கள் காத்திருக்கலாம். கழற்றி மாட்டும் பல் வைக்கலாம். இவற்றையெல்லாம் கேட்ட பிறகும் நான் வேர் சிகிச்சையையே தேர்ந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். சொந்தப் பல்லுக்கு நிகர் இல்லை. ஆயினும் அப்போது அந்த முடிவு என்னுடையதாக இருந்திருக்கும். கேப் ஒட்ட நான்கே நாளில் அவசரப்பட்டிருக்கவும் மாட்டேன். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு என்பதைக்கூட ஒருவரும் கேட்கவில்லை.

கோரிமேட்டில் மகாத்மா காந்தி பெயரில் அரசு பல் மருத்துவ நிலையம் இருக்கிறது என்பதைத் தாங்கள் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. வணிகம் வணிகமே. சிகிச்சையின் தன்மை, பயன், மாற்று வழிகள், ஆபத்து, மறுத்தால் என்ன நேரும் என்பவற்றை நோயாளிக்குப் புரியும்படி சொல்லிய பிறகு பெறுவதே ஒப்புதல் என்று உச்ச நீதிமன்றம் 2008ஆம் ஆண்டு சமீரா கோலி வழக்கில் வகுத்துள்ளது. கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்பது 1995ஆம் ஆண்டிலேயே தீர்ந்த விஷயம்.

ஆகவே, மார்ச் 4 மற்றும் ஏப்ரல் 3 ஆகிய நாள்களில் எடுத்த எக்ஸ்ரே படங்கள், சிகிச்சைக் குறிப்புகள், நான் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் அச்சுப்படி ஆகியவற்றை அனுப்பித் தருமாறு கோருகிறேன். அப்படிவத்தில் கையெழுத்துப் பதிவான நேரமும், குறிப்பில் ஊசி போட்ட நேரமும் தெரியும்படி இருத்தல் வேண்டும். எது முந்தியது என்பதைத் தங்கள் பதிவுகளே சொல்லட்டும். மறு வேர் சிகிச்சையையும் புதிய கேப்பையும், வேர் சிகிச்சை நிபுணர் ஒருவரைக் கொண்டு, கட்டணமின்றித் தாங்கள் செய்து தர வேண்டும். அல்லது நான் செலுத்திய 14,000 ரூபாயைத் திருப்பித் தந்தால் எனக்கு விருப்பமான இடத்தில் செய்துகொள்கிறேன். ஒப்புதல் படிவத்தைத் தமிழிலும் அச்சிட்டு, ஊசிக்கு முன், கண்ணாடி மூக்கின்மேல் இருக்கும்போதே கொடுப்பதற்கும் ஏற்பாடு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிடில், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்கிட இடமளிப்பதால், கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு அளிப்பேன். மனுவை நானே எழுதிக்கொள்வேன். அதற்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்: மூக்குக்கண்ணாடி அணிந்து, முழுவதும் வாசித்த பின் இட்டது)

இணைப்பு: கட்டண ரசீதுகள் இரண்டின் நகல், மருந்துச் சீட்டின் நகல்.