ஆற்று நீரையும் நிலத்தடி நீரையும் ஒரே கணக்கில் எழுதக் கோரும் மனு

அனுப்புநர்:
ஆற்றங்கரைக் கிணற்று நீரை நம்பி வாழும் குடிமகன் ஒருவர்

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
நீர்வளத் துறை

பொருள்: ஒவ்வோர் ஆற்று வடிநிலத்துக்கும் (ஆற்றுக்கு நீர் வடிந்து வரும் நிலப்பரப்பு முழுவதற்கும்) ஒரே நீர்க் கணக்கு ஏற்படுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கோடையில் ஆறு வற்றுவது குறித்து முன்பு இரண்டு அலுவலகங்களின் படியேறினேன். ஆற்றைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில், கிணறுகள் தங்கள் பொறுப்பில் வராது என்றார்கள். கிணறுகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில், ஆறு வற்றியதை அங்கே போய்க் கேளுங்கள் என்றார்கள். இருவர் மீதும் எனக்குக் கோபமில்லை. அவரவர் பதிவேட்டில் இருப்பதைத்தான் அவரவர் சொன்னார்கள். பதிவேடு இரண்டாக இருப்பதுதான் என் குறை.

மழை ஓய்ந்து பல வாரங்கள் ஆன பிறகும் ஓர் ஆறு ஓடுகிறது என்றால், மேலே அணையோ பனிமலையோ இல்லாத இடத்தில், அந்த நீர் பெரும்பாலும் நிலத்தடியிலிருந்து கசிந்து வருவதுதான். மழைக்காலத்தில் மண்ணுக்குள் இறங்கியது கரையோரமாக ஊறி ஆற்றுக்கு வந்து சேர்கிறது. கரையை அடுத்த நிலத்தடி நீர்மட்டம் ஆற்றின் மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் கதை தலைகீழாகிறது: ஆறு தன் நீரை நிலத்துக்குள் இழக்கத் தொடங்குகிறது. ஆகவே கோடையில் ஆறு வற்றுவதற்கு மழைக் குறைவை மட்டும் காரணம் காட்டுவது பாதி உண்மை.

அமெரிக்க நீரியல் அறிஞர் சார்லஸ் தைஸ் 1940இலேயே இதைத் தெளிவாக விளக்கினார். கிணற்றிலிருந்து இறைக்கும் நீர் மூன்றே வழிகளில்தான் ஈடாக முடியும்: நிலத்தடிச் சேமிப்பு குறைய வேண்டும், அல்லது ஆறு, ஊற்று, மரவேர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது குறைய வேண்டும், அல்லது புதிதாகக் கூடுதல் நீர் உள்ளே இறங்க வேண்டும். நான்காவது வழி கிடையாது. இதில் சிக்கல் என்னவென்றால், இன்று இறைப்பதன் விளைவு நாளையே ஆற்றில் தெரிவதில்லை. கிணறு ஆற்றிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, நடுவில் இருப்பது மணலா களிமண்ணா என்பதைப் பொறுத்து, பல ஆண்டுகள் கழித்தும் அது வெளிப்படலாம். இறைப்பதை நிறுத்திய பிறகும் ஆற்றில் நீர் குறைந்துகொண்டே போகலாம். அனுமதி கொடுத்த அதிகாரி ஓய்வுபெற்ற பிறகு வரும் பஞ்சத்துக்கு யாரைக் கேள்வி கேட்பது?

இரண்டு பதிவேடுகள் இருக்கும்போது, ஒரே நீர் இரண்டு முறை பங்கிடப்படுகிறது. ஆற்றில் இவ்வளவு ஓடுகிறது என்று ஓர் அலுவலகம் வாய்க்காலுக்குப் பங்கு ஒதுக்குகிறது. நிலத்தில் இவ்வளவு ஊறுகிறது என்று இன்னோர் அலுவலகம் ஆழ்துளைக் கிணறுகளுக்கு அனுமதி தருகிறது. ஊறியது திரும்ப ஆற்றுக்குப் போகும் நீர்தான் என்பதை யாரும் கழிப்பதில்லை. ஒரே மாட்டை இரண்டு பேருக்கு விற்ற கதைதான் இது.

நல்லெண்ணத்தோடு செய்யும் சிக்கனமும் இந்தக் கணக்குப் பிழையில் சிக்கிக்கொள்கிறது. வாய்க்காலின் அடியில் சிமென்ட் பூசினால் கசிவு நிற்கிறது. அதைச் சேமிப்பு என்று எழுதுகிறோம். ஆனால் அந்தக் கசிவுதான் பக்கத்துக் கிணறுகளில் ஊறிக்கொண்டிருந்தது. சொட்டுநீர்ப் பாசனத்தில் மிஞ்சியதைக் கொண்டு கூடுதல் நிலத்தில் பயிரிட்டால், பயிர்கள் ஆவியாக வெளிவிடும் நீரின் மொத்த அளவு ஏறுகிறது. வடிநிலத்தில் மிஞ்சுவது குறைகிறது. சொட்டுநீர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மிச்சமானது எங்கே போயிற்று என்று எழுதிவைக்க வேண்டும் என்கிறேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் நம் முன்னோர். நாம் ஆற்றிலிருந்து எடுப்பதையே அளக்காமல் எடுக்கிறோம்.

உலகின் மொத்த நீரில் நன்னீர் சுமார் 2.5 விழுக்காடுதான். அதிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனியாக உறைந்திருக்கிறது. ஏறத்தாழ 30 விழுக்காடு நிலத்தடியில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஆறுகளிலும் ஏரிகளிலும் இருப்பது ஒரு விழுக்காடுகூட இல்லை. காற்றிலுள்ள ஈரம் சராசரியாகப் பத்து நாட்களுக்குள் மழையாகவோ பனியாகவோ இறங்கிவிடுகிறது. ஆழத்தில் தங்கிய நீர் மீண்டும் சேர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகலாம். முன்னதை வருமானம் என்றால் பின்னது மூலதனம். மூலதனத்தையே தின்றால் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கு சாட்சி: 1925 முதல் 1977 வரை அங்கே ஓரிடத்தில் தரை சுமார் 8.5 மீட்டர் கீழே இறங்கியது. அப்படி நெருங்கிப்போன களிமண் அடுக்கில் பழைய இடைவெளி திரும்ப வராது. எவ்வளவு மழை பெய்தாலும் அங்கே முன்போல நீர் தங்காது.

எனவே, ஒவ்வோர் ஆற்று வடிநிலத்துக்கும் மழை, ஆவியாதல், ஆற்றோட்டம், நிலத்தடி ஊறல், இறைப்பு ஆகிய அனைத்தையும் ஒரே ஏட்டில் எழுதும் பொறுப்பை ஒரே அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டுகிறேன். மற்றவை எல்லாம் இதிலிருந்துதான் தொடங்க முடியும். புதிய ஆழ்துளைக் கிணற்றுக்கு அனுமதி தருமுன், அது கோடை ஆற்றோட்டத்தை எவ்வளவு குறைக்கும் என்ற மதிப்பீடு கோப்பில் இருக்க வேண்டும். பெரிய அளவில் இறைப்பவர்களுக்கு அளவுமானி கட்டாயமாக்கப்பட வேண்டும். குடிநீருக்காக இறைக்கும் சிறு கிணறுகளைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை. மக்களின் அடிப்படைத் தேவைக்கும் ஆறு உயிரோடு இருப்பதற்கும் உரிய நீரை முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியையே பங்கிட வேண்டும். தென்னாப்பிரிக்கா தனது 1998ஆம் ஆண்டு தேசிய நீர்ச் சட்டத்தில் இத்தகைய ஒதுக்கீட்டுக்கு இடமளித்திருக்கிறது. அதே சட்டம் நிலத்தடி நீரைத் தனிச் சொத்தாகக் கருதும் பழைய வழக்கத்தையும் முடித்துவைத்தது. ஆகவே நான் கேட்பது நடக்காத காரியம் அல்ல.

வெள்ளக் காலத்து மிகைநீரை நிலத்துக்குள் இறக்கும் திட்டங்களையும், சுத்திகரித்த கழிவுநீரைத் திரும்பப் பயன்படுத்தும் திட்டங்களையும் வரவேற்கிறேன். அவற்றின் வரவும் செலவும்கூட இதே ஏட்டில் ஏற வேண்டும் என்பது மட்டுமே என் நிபந்தனை.

இம்மனுவைத் தகுந்த நடவடிக்கைக்காக வேறு அலுவலகத்துக்கு அனுப்பிவைக்காமல், தங்கள் அலுவலகத்திலிருந்தே எழுத்துமூலம் பதில் அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: என் கிணற்றின் மாதவாரி நீர்மட்டக் குறிப்பு, மேற்படி இரண்டு அலுவலகங்களும் என்னை ஒன்றிடம் ஒன்று அனுப்பிய கடிதங்களின் நகல்கள்.