பால்கனிப் பந்தல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய பால்கனி படத்தை அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். நாலடி அகலத்தில் 11 தொட்டி. துணி காயப்போட நீ எங்கே நிற்பாய் என்று அம்மாவுக்குக் கவலை. செடி வைக்க இனி இடமே இல்லை என்று எழுதியிருந்தாய். தரையில் இல்லைதான். ஆனால் கம்பிக்கு மேலே கூரை வரைக்கும் வெயில் விழுகிற இடம் சும்மாதானே கிடக்கிறது?

நம் கிணற்றடி நினைவிருக்கிறதா? சுவருக்கும் துவைகல்லுக்கும் நடுவே இரண்டடி மண். உன் அப்பத்தா அதில் ஒரே குழியில் அவரை ஊன்றி, கயிறு கட்டி மொட்டைமாடிக்கு ஏற்றிவிடுவாள். தை மாதம் முழுக்க அவரைக்காய்ப் பொரியல்தான்.

ஒரு பெரிய பை வைத்து இரண்டு பாகல் ஏற்று, போதும். பாகல், புடல், பீர்க்கு எல்லாம் பற்றுக்கம்பி, அதாவது பிடித்துக்கொள்ள நீளும் மெல்லிய இழை, விட்டு ஏறுகிறவை. தடித்த குழாயை அவற்றால் பிடிக்க முடியாது, வலை வேண்டும். அவரைக்கும் சங்குப்பூவுக்கும் தண்டே சுற்றிக்கொள்ளும், ஒற்றைக் கயிறு விட்டால் சரி.

போன வாரம் காலையில் காப்பியோடு நம் பாகல் கொடியருகே உட்கார்ந்திருந்தேன். காற்றில் துழாவிக்கொண்டிருந்த ஒரு பற்றுக்கம்பியின் நுனி வலையில் பட்டு, வளைந்து கொக்கி போட்டிருந்தது. மறுநாள் போய்ப் பார்த்தால் அதன் நடுப்பகுதி பேனா ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருக்கிறது. பாதி ஒரு பக்கமாக, மீதி எதிர்ப்பக்கமாக. கொடியை வலையோடு இழுத்தும் வைத்துக்கொள்கிறது, காற்றடித்தால் நீண்டும் கொடுக்கிறது. இத்தனை வருடம் பந்தல் போட்டும் இதை நான் உட்கார்ந்து பார்த்ததே இல்லை பாப்பா.

சணல் கயிறு மட்டும் வேண்டாம். இரண்டு வருடம் முன்பு சணலில் கட்டினேன். ஐப்பசி மழையில் நைந்துபோய், ஒரே ராத்திரியில் புடலங்கொடி காயும் பூவுமாகத் தரையில் கிடந்தது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. நைலான் வலை வாங்கு.

பையில் வெறும் மண்ணை நிரப்பாதே. ஓரடிக்கு ஓரடி பையில் ஈரமண் 30 கிலோவைத் தாண்டிவிடும். செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம அளவு கலந்துகொள். தொட்டி எதையும் கம்பிக்கு வெளியே தொங்கவிடாதே, கீழே குழந்தைகள் விளையாடுகிற இடம். உன் ஐந்தாவது மாடிக் காற்றுக்கு ஈரம் சீக்கிரம் வற்றும். விரலை விட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்று.

பூ வந்தும் காய் நிற்கவில்லை என்று பயப்படாதே. அந்த உயரத்துக்கு வண்டு, தேனீ வரத்து குறைவாக இருக்கும். பாகலில் பெண்பூவுக்குப் பின்னால் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் குட்டிக்காய் ஒட்டிக்கொண்டிருக்கும், ஆண்பூவுக்கு வெறும் காம்புதான். காலையில் பூ விரிந்ததும் ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தொட்டு வை. வெயில் ஏறுவதற்குள் செய்துவிடு. வேலைக்குக் கிளம்பும் முன் இரண்டு நிமிஷம் போதும்.

அவரையை இந்த ஆடியிலேயே போட்டுவிடு. நம்மூர்க் கொடி அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். மாசி, பங்குனியில் போட்டுவிட்டு இலையாகவே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். சமையலறை ஜன்னல் பக்கம் வெயில் குறைவு என்றாயே, அங்கே கொடிப்பசலை வை. ஒரு தண்டை ஒடித்து ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும்.

சனிக்கிழமை அத்தை அங்கே வருகிறாள். பாகல், அவரை, சங்குப்பூ மூன்றையும் தனித்தனிப் பொட்டலமாகக் கொடுத்துவிடுகிறேன். சங்குப்பூ நீ கேட்ட அடுக்கு நீலம்தான். அதையும் பாகலையும் ஒரு ராத்திரி ஊறவைத்து ஊன்று. அவரைக்கு ஊறல் வேண்டாம், அழுகிவிடும். வலை கட்டியதும் ஒரு படம் அனுப்பு. முடிச்சு எப்படிப் போட்டிருக்கிறாய் என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா