தந்தையின் எண்ணுக்கு வந்த அழைப்பு: ஒரு நன்றி மடல்

பேரன்புடையீர்,

வணக்கம். இந்த மடலை யாரை விளித்துத் தொடங்குவது என்பதிலேயே எனக்கு இரண்டு நாட்கள் போய்விட்டன. என் வீட்டைக் கரையேற்றியவர்களில் பாதிப் பேரின் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அரசுப் பணியில் இருப்பவர்கள் என்பதால், பெயரை வெளியில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகவே அவரவர் செய்ததைச் சொல்லியே நன்றி கூறுகிறேன். படிக்கும்போது தம்மைப் பற்றியதுதான் என்று அவரவர் அறிந்துகொள்வார்கள்.

2023-ஆம் ஆண்டு மாசி மாதத்தில் என் கணவர் மாரடைப்பால் காலமானார். மன்னார்குடிக்கு அருகே ஒரு சிற்றூரில் இரண்டு ஏக்கர் நெல் வயலை நம்பி வாழ்ந்த குடும்பம் எங்களுடையது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் ஆவதற்குள், மார்ச் 13-ஆம் தேதி, என் ஒரே மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு தொடங்கியது. "அப்பாவுக்காக எழுது" என்று வந்தவர்கள் எல்லோரும் அவளிடம் சொன்னார்கள், நானும் சொன்னேன். அந்தச் சொல் அவள் தலையில் எவ்வளவு பெரிய பாரத்தை ஏற்றியது என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

மே 8-ஆம் தேதி முடிவு வந்தது. மாநிலத்தில் 94.03 விழுக்காட்டினர் தேர்ச்சி என்று தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நூற்றுக்கு எஞ்சிய ஆறு பேரில் ஒருத்தி எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில், கணிதத்திலும் இயற்பியலிலும் 35-ஐத் தொடாத மதிப்பெண்களோடு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில், பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, "அப்பா இருக்கிற இடத்துக்கே நானும் போயிடுறேம்மா" என்றாள். நான் அவளை அடிக்கக் கை ஓங்கினேன். இதை மறைத்துவிட்டு நன்றி சொன்னால் அந்த நன்றி பாதியாகிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

அன்று பிற்பகலில்தான் என் கணவரின் கைப்பேசி ஒலித்தது. அவர் போன பிறகும் நாள்தோறும் அதற்கு மின்னேற்றம் செய்து, சாமி மாடத்தின் ஓரத்தில் வைத்திருந்தேன். ஏன் என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது. பள்ளிப் பதிவேட்டில் பெற்றோர் எண்ணாக இருந்தது அதுதான். பேசிய பெண் தம்மை 104 மருத்துவ உதவி மையத்தின் மனநல ஆலோசகர் என்று அறிமுகம் செய்துகொண்டு, தேர்ச்சி பெறாத மாணவர்களின் வீடுகளுக்கு அழைத்துப் பேசுவதாகக் கூறி, "அப்பாவிடம் பேசலாமா?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். அவர் இணைப்பைத் துண்டிக்கவில்லை; சமாதானமும் சொல்லவில்லை. நான் மூச்சு வாங்கி முடிக்கும்வரை மறுமுனையில் இருந்துவிட்டு, "நீங்கள் சொல்லுங்கள், எனக்கு நேரம் இருக்கிறது" என்றார்.

அந்த அம்மையாருக்குத்தான் என் முதல் நன்றி. அவர் என்னிடம் நேராகவே கேட்டார்: "சாக வேண்டும் என்று மகள் ஏதாவது சொன்னாளா?" அந்தக் கேள்வியைக் காதால் கேட்கவே எனக்கு நடுங்கியது. இதைப் பற்றி அவளிடம் பேச்செடுத்தால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டியதாக ஆகாதா என்று கேட்டேன். அப்படி ஆகாது என்றும், வெளிப்படையாகக் கேட்பதால் அந்த எண்ணம் வளர்வதில்லை என்றும், தன் மனத்தில் இருப்பதை ஒருவர் பயப்படாமல் கேட்டார் என்பதே பிள்ளைகளுக்குப் பெரிய இளைப்பாறல் என்றும் பொறுமையாக விளக்கினார். பிறகு, வயலுக்கு அடிக்கும் மருந்து வீட்டில் இருக்கிறதா என்று விசாரித்தார். இருந்தது. பேச்சு முடிந்த கையோடு அதை அப்புறப்படுத்த வேண்டும் என்றும், அடுத்த சில நாட்கள் அவளைத் தனியே விடக் கூடாது என்றும் சொன்னார். எதிர்வீட்டு அண்ணன் கேள்வி எதுவும் கேட்காமல் அதை வாங்கிக்கொண்டு போய்த் தம் மோட்டார் கொட்டகையில் பூட்டிவைத்தார். அந்தச் சாவியை அறுவடை முடியும்வரை அவர் என்னிடம் கொடுக்கவே இல்லை. அண்ணனுக்கும் நன்றி. சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணி செய்துவரும் சினேகா அமைப்பினர், எங்கள் பகுதிக்கு வடக்கே காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டிவைக்கும் முறையை முன்பே செய்து பார்த்திருக்கிறார்கள் என்பதைப் பின்னர் அறிந்தபோது, அண்ணனின் கொட்டகை எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்திருக்கிறது என்று புரிந்தது.

ஆலோசகர் அந்த வாரத்தில் மும்முறை அழைத்தார். மூன்றாம் முறை, நேரில் பார்ப்பது நல்லது என்று சொல்லி, மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனையில் பணியாற்றும் உளவியலாளருக்குத் தாமே பேசிவைத்தார். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கணவரை இழந்த பெண் ஏறி இறங்க வேண்டிய படிகள் ஏராளம். இறப்புச் சான்றுக்கு ஓரிடம், வாரிசுச் சான்றுக்கு ஓரிடம், வங்கிக்கு ஓரிடம். ஒவ்வொரு மேசையிலும் "என்னம்மா ஆச்சு?" என்று கேட்பார்கள், நாமும் அந்த விடியற்காலையிலிருந்து தொடங்கி, அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைச் சொல்லி முடிப்போம், கேட்டுவிட்டு, "இது இங்கே இல்லை, அடுத்த அறை" என்பார்கள். ஓர் அலுவலகத்தில் ஒரே நாளில் நான்கு முறை என் கணவரைச் சாகடித்தேன். அந்த அலுவலகத்தின் பெயர் இங்கே தேவையில்லை. ஆனால் உளவியலாளரின் அறைக்குள் நாங்கள் நுழைந்தபோது, "104-இலிருந்து சொன்னார்கள், உட்காருங்கள்" என்றார். முதலிலிருந்து சொல் என்று அவர் கேட்கவில்லை. அந்த ஒரு வரிக்காகவே இந்த மடலை எழுதலாம்.

உளவியலாளர் முதல் நாள் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மகளோடு முக்கால் மணி நேரம் பேசினார். அவள் சொல்வதைத் தம்மோடு வைத்துக்கொள்வதாகவும், அவள் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் என்னிடம் சொல்ல நேரும் என்றும், அதையும் அவளிடம் தெரிவித்துவிட்டே செய்வதாகவும் எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டே கூறினார். எனக்குக் கோபம்தான் வந்தது. பெற்றவளுக்குத் தெரியக் கூடாதது என்ன இருக்கிறது என்று வெளிநோயாளர் சீட்டைக் கையில் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகள் வெளியே வந்த பிறகு என்னை உள்ளே அழைத்தார். அவளைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தவளிடம், "நீங்கள் இரவில் எத்தனை மணிக்கு விழித்துக்கொள்கிறீர்கள்?" என்று கேட்டார். தூங்குகிறீர்களா என்று கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். இரண்டரை மணிக்கு என்றேன். அதற்குப் பிறகு விடியும்வரை என்ன செய்வீர்கள் என்றார். அரிசியில் கல் பொறுக்குவேன் என்று சொன்னபோதுதான், ரேஷன் அரிசி, கடை அரிசி என்று வீட்டில் இருந்த அத்தனையையும் மூன்று மாதமாக நான் திரும்பத் திரும்பப் பொறுக்கிக்கொண்டிருப்பது எனக்கே உறைத்தது.

அந்த மாதத்தில் மருத்துவரைப் பார்த்தது மகளல்ல, நான். அவளுக்கு மாத்திரை தேவையில்லை, பேச்சு போதும் என்றார்கள். எனக்குச் சில மாதங்கள் மாத்திரை தந்து, பிறகு படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். மனநல மருத்துவர் மருந்து எழுதுபவர், உளவியலாளர் பேசி வழிப்படுத்துபவர் என்ற வேறுபாடு அன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் இரண்டுக்கும் சேர்த்து வழங்கும் சொல் ஒன்றுதான், அது நல்ல சொல் அல்ல. வியாழன்தோறும் எங்கே போகிறீர்கள் என்று பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் கேட்டபோது, மகள் சற்றும் தயங்காமல் "கவுன்சிலிங்" என்றாள். "அப்படியா, எந்தக் காலேஜ் கிடைச்சிருக்கு?" என்றார் அவர். பொறியியல் இடம் ஒதுக்குவதற்கும் அதே பெயர் இருப்பது எங்களுக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று! கணவர் போன பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

உறவினர் சிலர், இதெல்லாம் ஏட்டில் ஏறினால் காவல்துறை வழக்காகும், பெண்ணின் திருமணத்துக்குத் தடையாகும் என்று அச்சுறுத்தினார்கள். அவள் பேச்சோடு நின்றாளே தவிர எதுவும் செய்யவில்லை. தற்கொலைக்கு முயன்றவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதித் தண்டிக்காமல் பராமரிக்க வேண்டும் என்றே 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது என்று உளவியலாளர் எடுத்துரைத்து, அந்த அச்சத்தைத் தீர்த்துவைத்தார்.

மகள் படித்த அரசு மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியைக்கு அடுத்த நன்றி. ஜூன் மாதத் துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளை நான் கவனிக்கவே இல்லை. அவரே வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிப் போனார். "அப்பாவுக்காக எழுது" என்று இனி யாரும் சொல்லக் கூடாது என உளவியலாளர் சொல்லியனுப்பியதை வகுப்பாசிரியர்கள்வரை கொண்டுசேர்த்தவரும் அவரே. கணித ஆசிரியர் கோடை விடுமுறையில் மூன்று வாரம், ஒரு ரூபாய் வாங்காமல், கருவேல நிழலில் பெஞ்சைப் போட்டுச் சொல்லிக்கொடுத்தார். மகள் இரு பாடங்களிலும் தேர்ச்சி பெற்றாள். மதிப்பெண் எவ்வளவு என்று எழுத வேண்டாம் என்கிறாள்.

இதற்கிடையே புகுந்த வீட்டில் எழுந்த சச்சரவை விரிவாக எழுத எனக்கு விருப்பமில்லை. வீட்டைக் காலி செய்யும்படி சொன்னார்கள். ஒரு மாலை நேரத்தில் எங்கள் பாத்திரங்கள் வாசலில் இருந்தன. 181 மகளிர் உதவி எண்ணை அழைத்தேன். அவர்கள் மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்குத் தகவல் அனுப்ப, அங்கிருந்த ஆலோசகர் மறுநாளே இரு தரப்பையும் அழைத்து உட்காரவைத்தார். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின்படி, வாழ்ந்துவரும் வீட்டில் தொடர்ந்து வசிக்க எனக்கு உரிமை உண்டு என்பதைக் குரலை உயர்த்தாமல் அவர்களுக்குப் படித்துக் காட்டினார். வழக்குப் போடாமலே முடிந்தது. என் மாமியார் அன்று ஒன்றும் பேசவில்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை, நான் நெற்றியில் சிறிய பொட்டு வைத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பியபோது தடுக்கவும் இல்லை. மகனை இழந்த அந்தத் தாய்க்கும் ஒருவர் எதிரில் உட்கார்ந்து, இரவில் எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது என்று கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

விதவை ஓய்வூதிய விண்ணப்பத்தைத் தாமே நிரப்பிக்கொடுத்து, "திரும்ப வர வேண்டாம், நான் அனுப்பிவிடுகிறேன்" என்று சொன்னபடியே செய்த கிராம நிர்வாக அலுவலருக்கும், மாதம் 1,200 ரூபாயாக அது கைக்கு வரும்வரை கடனுக்கு மளிகை தந்த கடைக்காரருக்கும், மருத்துவமனை வாசலில் எங்கள் சாப்பாட்டுக் கூடையைப் பார்த்துக்கொண்ட பூக்காரப் பாட்டிக்கும் நன்றி.

மகள் இப்போது அரசு கலைக் கல்லூரியில் வணிகவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வரும் 1,000 ரூபாயில்தான் பேருந்துச் செலவும் புத்தகச் செலவும் நடக்கின்றன. கல்லூரியில் தன்னோடு படிக்கும் ஒரு பெண் மிகவும் சோர்ந்திருந்தபோது, 14416 என்ற எண்ணை அவளாகவே எழுதிக்கொடுத்திருக்கிறாள்; 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி, உலக மனநல நாளன்று, தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசுத் தொலைபேசி மனநல உதவிச் சேவையின் எண் அது; எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை. எழுதிக்கொடுத்ததோடு நில்லாமல், அந்தப் பெண் பேசி முடிக்கும்வரை விடுதிப் படிக்கட்டில் காத்திருந்ததாகவும் சொன்னாள்.

104-இலிருந்து பேசிய அம்மையாருக்கு மீண்டும் ஒரு வார்த்தை. உங்கள் பெயரை நான் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. அந்த நிலையில் கேட்கத் தோன்றவில்லை. நீங்கள் அழைத்த எண்ணிலிருந்து திரும்ப அழைத்தால் வேறு வேறு குரல்கள் எடுக்கின்றன. எத்தனையோ வீடுகளுக்குப் பேசியிருப்பீர்கள், எங்களை நினைவிருக்காது என்பதும் தெரியும். ஒருவேளை இந்த மடல் உங்கள் கண்ணில் பட்டால், என் கணவரின் அந்த எண்ணை நாங்கள் இன்னும் விடவில்லை, மாதந்தோறும் பணம் கட்டிவருகிறோம் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். சாமி மாடத்தில் இப்போது அது இல்லை. மகள் கல்லூரிக்கு எடுத்துப்போகிறாள். நீங்கள் அழைத்தால் அவளே எடுப்பாள்.

நன்றியுடன்,
ஒரு தாய்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.