'ஒன்றும் விளங்கேல்லை' என்ற படத்தைப் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க இயக்குநர் டேவிட் லின்ச்சின் 'மல்ஹாலண்ட் டிரைவ்' முடிந்து சனம் வெளியே வரும்போது வாசலில் நின்றால் மூன்று விதமான ஆட்களைக் காணலாம். "உதென்ன படம், தலையுமில்லை வாலுமில்லை" என்று கோபப்படுகிறவர்கள். "எல்லாம் கனவு, அவ்வளவுதான்" என்று கணக்கை முடித்துக்கொள்கிறவர்கள். ஒன்றும் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகிறவர்கள். இப்போது முதல் வகையினரின் குரல் கூடி, இப்படியான படங்களை யாழ்ப்பாணத்தில் போடவே கூடாது என்ற அளவுக்கு வந்திருப்பதால் இதை எழுதுகிறோம். கோபப்பட்டவர்களில் பலருக்குப் படம் முழுதாகப் போய்ச் சேரவில்லை என்பதே எங்கள் எண்ணம். பிழை பெரும்பாலும் படம் போடுகிற மண்டபத்தில்தான். ஆகவே கீழே சொல்பவை திரையிடலை ஒழுங்கு செய்பவர்களுக்கு.

முதலில் ஒலி. 2001இல் படம் வெளியானபோது லின்ச் படமாளிகைகளில் படம் ஓட்டுபவர்களுக்கென்றே ஒரு குறிப்பு அனுப்பினார். வழமையைவிட 3 டெசிபல் கூட்டி வையுங்கள், படச்சட்டத்தின் மேற்பகுதியில் கொஞ்சம் கூடுதல் இடம் விடுங்கள் என்று கேட்டிருந்தார். 3 டெசிபல் என்பது அம்பிளிஃபயர் இரண்டு மடங்கு வலு கொடுக்க வேண்டிய அளவு. காதுக்கோ அது சற்றே கூடியதாகத்தான் தெரியும். இந்தப் படத்தின் பயம் பேச்சில் இல்லை, அடியில் ஓடும் உறுமலில் இருக்கிறது. சொற்பொழிவுக்கென்று சுவரில் அடித்த சிறிய ஸ்பீக்கர்கள் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. போதாததற்குத் தலைக்கு மேலே ஆறு மின்விசிறி. உணவகமொன்றில் ஒருவர் தான் கண்ட கெட்ட கனவைச் சொல்லிவிட்டு, அதே கட்டடத்தின் பின்புறம் பார்க்கப் போகும் காட்சி இருக்கிறது. பட்டப்பகல், வெறும் மதில், நடந்து போகும் ஒரு மனிதன். உறுமல் கேட்காத மண்டபத்தில் அந்த இடத்தில் சிரிப்பு எழுவதில் வியப்பில்லை. பேஸ் அடிக்கும் பெரிய பெட்டி ஒன்றையாவது வாடகைக்கு எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் நிலத்தில் வையுங்கள். ஆட்கள் வரமுன்னர் அந்தக் காட்சியை மட்டும் ஓட்டி, மின்விசிறிகள் சுழலும்போதே ஒலியளவைத் தீர்மானியுங்கள்.

இன்னொரு பிழை லப்டொப்பில் நடக்கிறது. படத்தின் ஒலி 5.1ஆக, அதாவது ஆறு தனித் தடங்களாக இருக்கும், மண்டபத்தில் இரண்டே ஸ்பீக்கர். நடுத் தடத்தில்தான் உரையாடல் இருக்கிறது. அது இரண்டுக்கும் சரியாகக் கலக்கப்படாவிட்டால் இசை காதைப் பிளக்கும், பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வரும். பிளேயரின் ஒலி அமைப்பில் ஸ்டீரியோவைத் தெரிவுசெய்தால் தீரும் வேலை. இதைச் செய்யாமல் 'நடிகர்கள் முணுமுணுக்கிறார்கள்' என்று படத்தைக் குறை சொல்வது அநியாயம்.

புரொஜெக்டரின் பட அமைப்பை 'டைனமிக்'கிலிருந்து 'சினிமா'வுக்கு மாற்றுங்கள். படம் 1.85க்கு 1 என்ற அளவு, பெரும்பாலான திரைகள் 1.78க்கு 1. மேலும் கீழும் மெல்லிய கறுப்புக் கோடு வரத்தான் செய்யும். அதை மறைக்கச் சூம் பண்ணினால் படத்தின் இரு பக்க ஓரங்களும் வெட்டுப்படும். பகலில் போடுவதானால் யன்னல்களுக்குக் கறுப்புத் துணி வேண்டும். மாலை 6.30க்குத் தொடங்கினால் 147 நிமிடப் படம் முடிய 9 மணி ஆகிவிடும், தூர இடத்தவர்களுக்கு அதற்குப் பிறகு பஸ் கிடையாது. ஆகவே பிற்பகல் 3 மணியையும் கறுப்புத் துணியையும் நாங்கள் பரிந்துரைக்கிறோம்.

தொடங்கியதும் கதவைச் சாத்த வேண்டும். எழுத்துகள் வரமுன்னரே, கனத்த மூச்சுச் சத்தத்தோடு கமரா ஒரு சிவந்த தலையணையை நோக்கி இறங்கும். சில நொடிதான். யாரோ படுக்கப் போகிறார் என்று படம் தானே சொல்லிவிடுகிறது. இரண்டு நிமிடம் பிந்தி, கைபேசி வெளிச்சத்தில் கதிரை தேடி வருகிறவர் அதைத் தவறவிடுவதோடு, முன்னால் இருக்கிற பத்துப் பேருக்கும் மறைத்துவிடுகிறார். பிறகு அந்தப் பதினொரு பேரும் தொடக்கமும் முடிவும் பொருந்தவில்லை என்பார்கள்.

இடைவேளை விடாதிருப்பது நல்லது. விட்டே ஆகவேண்டுமென்றால் முதல் ஒரு மணித்தியாலத்தை அண்டி விடுங்கள். நள்ளிரவு அரங்கில் பாட்டு நடக்கும் இடத்திலிருந்து நீலப் பெட்டி திறபடும் வரைக்கும் கை வைக்கக் கூடாது. அந்த அரங்கில் பாடகி மயங்கி விழுந்த பிறகும் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். முன்பே பார்த்திராத ஒருவர் லப்டொப்பில் இருந்தால் ஒலி பிழைத்துவிட்டதென்று நிறுத்திவிடுவார். படத்தின் நெஞ்சே அந்த இடம்தான்.

உபதலைப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கணினி மொழிபெயர்த்துத் தரும் தமிழில் நாயகியின் பெயர் 'பெட்டி' என்று வந்து விழுகிறது. கதையின் மையத்திலோ ஒரு நீலப் பெட்டி. 'பெட்டி எங்கே?' என்று திரையில் ஓடினால் ஆளைத் தேடுகிறார்களா பொருளைத் தேடுகிறார்களா என்று யாரால் சொல்ல முடியும்? நம் வழக்கப்படி 'பெற்றி' என்று எழுதினால் அந்தக் குழப்பமே இல்லை. உணவகப் பரிசாரகியின் சட்டையில் குத்தியிருக்கும் பெயர் முதலில் 'டயான்', பின்னர் 'பெற்றி'. நாயகிக்குப் படத்தில் வரும் இரண்டு பெயர்களும் அவைதான். அதை யாரும் வாசித்துச் சொல்வதில்லை என்பதால் உபதலைப்பிலும் வருவதில்லை. ஆங்கிலம் வாசிக்காதவருக்கு ஒரு திறப்பே கைதவறிப் போகிறது. அதற்கென ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பாசையூர், குருநகர்ப் பக்கத்து விடிய விடிய நடக்கும் கூத்துகளில் ஒரே பாத்திரத்தை முதலாமவர், இரண்டாமவர் என்று ஆள்மாறி ஆடுவார்கள். யாரும் குழம்புவதில்லை, வரவுப் பாட்டு ஆளைச் சொல்லிவிடும். இந்தப் படம் மறுவளம். நவோமி வாட்ஸ் என்ற ஒரே நடிகை பெற்றியாகவும் டயானாகவும் வருகிறார், அறிவிக்க அண்ணாவியார் இல்லை. காலம் பின்னுக்குப் போவதும் அப்படித்தான். நம் படங்களில் பழைய கதை தொடங்கினால் திரை நீர்போல ஆடும், அல்லது நிறம் மாறும். இங்கே ஒரு சாம்பல் தட்டைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். கடைசிப் பகுதியில் பக்கத்து வீட்டுப் பெண் வந்து, மேசையிலிருக்கும் பியானோ வடிவச் சாம்பல் தட்டைத் தன்னுடையதென்று எடுத்துக்கொண்டு போகிறாள். அதே மேசையில் ஒரு நீலத் திறப்புக் கிடக்கிறது. டயான் மேலங்கியோடு கோப்பி ஊற்றுகிறாள், கோப்பையோடு சோபாவை நோக்கி வருகிறாள். சோபாவை அடையும்போது கையில் மதுக் கிண்ணம், உடுப்பு வேறு. மேசையில் சாம்பல் தட்டு திரும்ப இருக்கிறது. ஆகவே இது அந்தப் பெண் வரமுன்னர் நடந்தது. டிவிடியோடு கொடுத்த பத்துக் குறிப்புகளில் மேலங்கி, சாம்பல் தட்டு, கோப்பிக் கோப்பை மூன்றையும் கவனிக்கச் சொல்லி லின்ச்சே எழுதியிருக்கிறார். அந்த டிவிடியில் காட்சிப் பிரிவுகள் வைக்கவும் அவர் சம்மதிக்கவில்லை. அங்கங்கே தாவிப் பார்ப்பதற்கான படமல்ல.

தொடக்கத்தில் வந்த துப்பறிவாளர்கள் பிறகு ஏன் காணாமல் போகிறார்கள் என்ற கேள்வி நியாயமானது. இது முதலில் ஏபிசி தொலைக்காட்சிக்கென எடுத்த தொடரின் முதற்பகுதி. 1999இல் அவர்கள் அதை ஏற்கவில்லை. பிறகு பிரெஞ்சுப் பணத்தில் மேலதிகக் காட்சிகள் எடுத்து முழுப்படம் ஆக்கப்பட்டது. தொடருக்கென்று விதைத்த சில ஆட்கள் அப்படியே நின்றுபோனார்கள். இதைப் படத்தின் குறையென்று சொல்பவரோடு நாங்கள் வாதிட மாட்டோம். 2016இல் பிபிசி கேட்ட 177 விமர்சகர்கள் இந்த நூற்றாண்டின் தலைசிறந்த படம் என்றார்கள் என்பதற்காக யாருக்கும் இது பிடித்தாக வேண்டும் என்றும் இல்லை.

ஆனால் ஒரு குறையை மன்னிக்க முடியாது. அழுகிய உடல், துப்பாக்கி வெடி, பாலுறவுக் காட்சிகள், உயிர்மாய்ப்பு எல்லாம் இதில் உண்டு. போர் கண்ட வீடுகளிலிருந்து வரும் சனத்தை, ஒரு சொல்லும் சொல்லாமல் இருட்டில் இருத்தி இதைக் காட்டுவது சரியில்லை. தொடங்கமுன்னர் தமிழில் இரண்டு வரி அறிவியுங்கள். எழுந்து போக விரும்புகிறவருக்குப் பின்கதவு பூட்டாமல் இருக்கட்டும். பாடசாலைப் பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள்.

முடிந்தவுடன் ரியூப் லைட்டுகளைப் போட்டு "விளங்கினதா?" என்று ஒலிவாங்கியை நீட்டுவதையும் நிறுத்துங்கள். எழுத்துகள் ஓடி முடியும்வரை இருட்டு இருக்கட்டும். கலந்துரையாடல் வேண்டுமென்றால் அடுத்த நாள் வைத்து, எந்த இடத்தில் நெஞ்சு இறுகியது என்று கேளுங்கள். அப்போது சைக்கிளை எடுத்துக்கொண்டு போன அந்த மூன்றாவது ஆளும் பேசுவார்.

தங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். திரையிடல் அறிவித்தல்களில் நாளும் இடமும் மட்டுமே வருகின்றன. படம் எத்தனை நிமிடம், உபதலைப்பு எந்த மொழியில், எந்த வயதினருக்கு, கதவு எத்தனை மணிக்குச் சாத்தப்படும் என்ற நான்கையும் ஒழுங்கமைப்பாளர்களிடம் கேட்டு வாங்கிச் சேர்த்து வெளியிடுங்கள்.

இங்ஙனம்,
திரைப்பட ஆர்வலர்கள் சிலர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.