2024–25 ஆண்டறிக்கை: செயலாளர் எழுதுவது

எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரையும் சேர்த்தே வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். மருத்துவமனை நிர்வாகம் படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு நடத்திய பயிற்சியைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், இந்த வருடம் நாம் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

முதல் இரண்டு சனிக்கிழமையும் வீண். மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் என்ஏபிஎச் அமைப்பின் தரநிலை, 2016 மருத்துவக் கழிவு விதிகள் என்று ஸ்லைடு போட்டுக்கொண்டே போனோம், அவர்களும் தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள். ரத்தம் தோய்ந்த பஞ்சு எந்தப் பைக்குப் போகும் என்று கேட்டதும் பாதிப் பேர் சிவப்பு என்றார்கள். ரத்தம் என்றால் சிவப்பு என்று நினைத்துவிட்டார்கள் போல! மஞ்சள் பைதான். சிவப்பு, டிரிப்ஸ் டியூப், கையுறை மாதிரி சாமான்களுக்கு.

சரி என்று வகுப்பை மூடிவிட்டு ஒரு டிஸ்சார்ஜ் நாளை நடித்துப் பார்க்க வைத்தோம். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் "இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார், நோயாளியோடு தங்கியிருக்கும் அட்டெண்டர் பையைக் கட்டிவிடுவார், ஆனால் சிகிச்சை விவரம் எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆகிக் கையெழுத்தாக வேண்டும், மீந்த மருந்து ஃபார்மசிக்குத் திரும்ப வேண்டும், லேப் பில் ஏற வேண்டும், எல்லாம் முடிந்து ஃபைனல் பில் போனால் இன்சூரன்ஸ் பக்கமிருந்து விளக்கம் கேட்டு ஒரு குவெரி வரும். மூன்று மணி நேரத்துக்குள் இன்சூரன்ஸ் கம்பெனி அனுமதி தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே மாதமே சொல்லிவிட்டது, அது பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த மூன்று மணி நேரம் நாம் கேட்டு அனுப்பிய பிறகுதான் ஓடத் தொடங்கும் என்பதுதான் உறைக்கவில்லை. பத்து மணிக்குச் சொன்ன டிஸ்சார்ஜ் ராத்திரி ஏழுக்கு நடந்தால், அதில் பாதியை வார்டுக்கும் ஃபார்மசிக்கும் நடுவில் நாமே தின்றிருப்போம்.

அட்டெண்டராக நடித்த நம் மூத்த உறுப்பினர் போட்ட சத்தத்தில் ஒரு பெண் அழுதேவிட்டாள். (அவர் கொஞ்சம் அதிகமாகத்தான் போனார்.) நிறுத்தலாம் என்றேன். "வேண்டாம் சார், இன்னொரு தடவை" என்றாள். அடுத்த தடவை, "சம்மரி கையெழுத்துக்குப் போயிருக்குங்க ஐயா, நாலு மணிக்கு நானே வந்து சொல்றேன்" என்றாள். அவரும் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குத் தனியாக ஒரு நாள் கேட்கிறார்கள். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் என்பது எல்லோருக்கும் தெரியும், எந்தச் சிகிச்சைக்கு எந்தக் காகிதம் என்பதில்தான் தடுமாற்றம். அந்த டெஸ்க்கில் உட்கார்ந்த உறுப்பினர்கள் யாராவது இன்று போவதற்குள் என்னிடம் பெயர் கொடுங்கள். டீயும் வடையும் சங்கச் செலவு.