லாங் பீச்சில் நிற்கும் கப்பல்

தூத்துக்குடி

அன்புள்ள கயலு,

அமெரிக்காவில் லாங் பீச் துறைமுகத்திலிருந்து நீ அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. கிரேன்களுக்கு அப்பால் மூன்று சிவப்புப் புகைக்கூண்டுகள் தெரிகின்றனவே, அது குயின் மேரி. "பழைய கப்பலை ஓட்டலாக்கி நிறுத்தியிருக்கிறார்கள் அப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். எனக்கு அப்படி முடிக்க மனசு வரவில்லை. கப்பலை நடத்தும் மேல்தளமான பிரிட்ஜில் நின்று தனியாக வாட்ச், அதாவது காவல் முறை, பார்க்கத் தொடங்கியிருக்கிற பிள்ளை நீ. அந்தக் கப்பலின் கதையில் உனக்கு வேண்டியது ஒன்று இருக்கிறது. போனில் சொன்னால் பாதியில் சிக்னல் போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

ஸ்காட்லாந்தில் கிளைட் ஆற்றங்கரையில் கட்டிய கப்பல் அது. பணமில்லாமல் இரண்டு வருடத்துக்கு மேல் வேலை நின்று, பிறகு 1934-ல் தண்ணீரில் இறங்கி, 1936-ல் முதல் பயணம் போனது. நீளம் 1,019 அடி, கொள்ளளவுக் கணக்கில் 81,000 டன். போருக்கு முன்னால் பணக்காரர்களை ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்ததெல்லாம் மூன்று வருடம்தான். 1939 செப்டம்பரில் போர் வந்தபோது நியூயார்க்கில் போய் நின்றது. மேலிருந்து கீழ்வரை சாம்பல் வண்ணம் அடித்தார்கள். கம்பளம், நாற்காலி, மேசை எல்லாம் இறங்கின. ஆஸ்திரேலியாவுக்குப் போய்ப் படை ஏற்றத் தொடங்கியது.

நம் பக்கத்துக்கும் வந்திருக்கிறது, தெரியுமா? 1941 ஜனவரியில் ஆஸ்திரேலியச் சிப்பாய்களுடன் திருகோணமலைக்கு வந்தது. அடுத்த மாதம் இன்னும் சில ஆயிரம் பேரைச் சிங்கப்பூரில் கொண்டுபோய் இறக்கியது. ஏறக்குறைய ஒரு வருடத்தில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. கைதான சிப்பாய்களில் பலரைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் தமிழாட்களும் ஆயிரமாயிரமாய்ப் போய் மடிந்தது அதே பாதையில்தான். இவ்வளவு பெரிய கப்பலில் வந்து இறங்கியபோது அந்தப் பையன்களுக்கு எவ்வளவு தைரியமாக இருந்திருக்கும் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

வெயில் நாட்டுக் கடலுக்காகக் கட்டிய கப்பலும் இல்லை அது. செங்கடல் பக்கம் போனபோது உள்ளே இருந்தவர்கள் வெக்கையில் வெந்துபோனார்கள், சிலர் செத்தும் போனார்கள்.

அமெரிக்கா போரில் இறங்கிய பிறகுதான் கூட்டம் கட்டுக்கடங்காமல் ஏறியது. இரண்டாயிரம் பயணிகளுக்கு என்று கட்டிய இடத்தில், 1943 ஜூலையில் ஒரே பயணத்தில் 16,683 பேர்! நீச்சல்குளத்துக்குள்ளும் அடுக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். ஒரே கட்டிலில் முறை வைத்துத் தூங்கினார்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேளைதான் சாப்பாடு. கப்பலைச் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று பகுதியாகப் பிரித்து, அவரவர் நிறத்து வில்லையைக் குத்திக்கொண்டு அவரவர் பகுதியிலேயே இருக்கவேண்டும். எல்லோரும் ஒரே பக்கம் திரண்டால் கப்பல் சாயும் என்ற பயம் அதில் இருந்திருக்கும். உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இத்தனை உயிருக்கும் காவல் வேகம்தான். 28 நாட், அதாவது மணிக்கு 28 கடல் மைலுக்கு மேல் ஓடும். நீர்மூழ்கியால் துரத்திப் பிடிக்க முடியாது. அதனால் நடுக்கடலில் துணையில்லாமல் தனியாகவே போகும், நேராகப் போகாமல் வளைந்து வளைந்து, குறித்த கணக்குப்படி. கரையை நெருங்கும்போது மட்டும் போர்க்கப்பல்கள் வந்து சேர்ந்துகொள்ளும். விமானம் வந்தால் சுடுவதற்கு.

1942 அக்டோபர் 2. அயர்லாந்துக்கு வடக்கே. பத்தாயிரம் அமெரிக்கச் சிப்பாய்கள் உள்ளே. எதிர்கொண்டு வந்த காவல் கப்பல் குராசோவா, முதல் உலகப்போர்க் காலத்துப் பழைய குரூசர் ரகப் போர்க்கப்பல், நாலாயிரம் டன் சொச்சம். அதன் முழு வேகம் 25 நாட்தான். அதனால் அது நேர்கோட்டில் போனது, குயின் மேரி பின்னாலிருந்து வளைந்து வளைந்து அதை நெருங்கியது. பகல் வெளிச்சம், கண்ணுக்கெதிரே கப்பல். மூடுபனி என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

இங்கேதான் கவனி, கயலு. முந்துகிற கப்பல்தானே விலகவேண்டும் என்று குராசோவாவின் கேப்டன் நினைத்தார். பெரிய கப்பலுக்குக் காவல் வந்தவர்கள்தானே ஒதுங்கவேண்டும் என்று குயின் மேரி நினைத்தது. குயின் மேரி பிரிட்ஜில் நின்ற அதிகாரி ஒருவருக்குச் சந்தேகம் வந்து சுக்கானைத் திருப்பச் சொன்னார். கேப்டன் வந்து, அவர்களுக்கு இது பழக்கம், விலகிக்கொள்வார்கள், நீ கணக்குப்படியே போ என்றார். மதியம் இரண்டு மணி தாண்டியதும் குயின் மேரியின் அணியம், அதாவது முன்முனை, குராசோவாவின் மீது ஏறி இரண்டாக அறுத்துக்கொண்டு போனது. ஆறே நிமிடம், கப்பல் இல்லை. 300-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். பிழைத்தவர்கள் சுமார் நூறு பேர்.

குயின் மேரி நிற்கவில்லை. எதற்காகவும் நிற்கக்கூடாது என்பது உத்தரவு. நின்றால் உள்ளே இருக்கிற பத்தாயிரம் பேரும் நீர்மூழ்கிக்கு இரை. அணியம் நசுங்கிய நிலையில், வேகத்தைக் குறைத்துக்கொண்டு, எண்ணெயில் நீந்துகிறவர்களை விட்டுவிட்டுப் போனது. கரைக் காவலுக்கு வந்த மற்றக் கப்பல்கள் பிறகுதான் திரும்பிவந்து எடுத்தன. போர் முடியும்வரை இது வெளியே தெரியக்கூடாது என்று வாயைக் கட்டிவிட்டார்கள். செத்தவர்களின் தாய் தகப்பனுக்கு எப்படிப் போனான் என்றுகூடச் சொல்ல ஆளில்லை. என்னால் அந்தக் கேப்டனைத் திட்ட முடியவில்லை. நின்றிருக்கவேண்டும் என்று சொல்லவும் நா எழவில்லை. இருந்தாலும் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

வழக்கு அன்றைக்குப் பிரிட்டனின் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லார்ட்ஸ் சபைவரை போய், 1949-ல் மூன்றில் இரண்டு பங்கு தவறு போர்க்கப்பல் மீது, ஒரு பங்கு குயின் மேரி மீது என்று முடிந்தது.

நான் கப்பல்களை இழுக்கிற டக் படகில் இருந்தபோது, மாலத்தீவுக்குப் போகிற தோணி ஒன்று ராத்திரி குறுக்கே வந்தது உனக்கு நினைவிருக்காது, அப்போது நீ மூன்றாம் வகுப்பு. சின்னத் தோணிதானே, டக்கின் விளக்கைப் பார்த்து விலகும் என்று நின்றேன். அவன் நான் விலகுவேன் என்று வந்திருக்கிறான். கடைசி நேரத்தில் எஞ்சினைப் பின்னுக்குப் போட்டேன், அவன் பாய்க்கயிறு எங்கள் ஃபென்டரை (மோதல் தாங்கியை) உரசிக்கொண்டு போனது. அன்று வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. உனக்குத்தான் முதல்முதலில் சொல்கிறேன்.

1946-ல் அதே கப்பல் சிப்பாய்களை மணந்துகொண்ட பெண்களையும் கைக்குழந்தைகளையும் ஏற்றி அமெரிக்கா, கனடாவில் இறக்கியது. அப்புறம் பழைய வண்ணம் திரும்பி, 1967 டிசம்பரில் லாங் பீச்சில் வந்து நின்றுவிட்டது. இதை நினைத்தால் கொஞ்சம் ஆறுதல்.

அடுத்த முறை லாங் பீச் வந்து கரையிறங்க நேரம் கிடைத்தால், டிக்கெட் எடுத்து மேலே ஏறு. பிரிட்ஜின் ஓரத்துக்குப் போய் நின்று, அணியத்துக்கு முன்னால் எவ்வளவு தூரம்வரை தண்ணீர் மறைகிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுது. பக்கத்தில் ஒரு சின்னக் கப்பல் வந்தால் அங்கிருந்து தெரியுமா, தெரியாதா என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும்.

அம்மா நெத்திலிக் கருவாடு வெயிலில் போட்டிருக்கிறாள், நீ வரும்போது இருக்கும்.

அப்பா